ஓய்வு பெற்ற மோப்ப நாயின் வைத்தியச் செலவு யார் தலையில்?

கயிறுபிடித்தவன்

வணக்கம். பல மாதமாக இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை.

வெடிபொருள் மோப்பப் பிரிவில் நாயைக் கையாளும் ஹேண்ட்லராக இருக்கிறேன். ஏழு வருடம் என்னோடு வேலை பார்த்த ஜெர்மன் ஷெப்பர்ட் போன வருடம் ஓய்வு பெற்றான். ஹேண்ட்லருக்குத்தான் முதல் உரிமை என்பதால் நானே வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். அன்றைக்கு நான்கு பக்கத் தாளில் கையெழுத்துப் போட்டேன். இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: இந்தத் தேதியிலிருந்து நாயின் எல்லாச் செலவும் பெற்றுக்கொள்பவரையே சாரும். படித்துவிட்டுத்தான் போட்டேன், ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்ல வரவில்லை. அவனை விட்டுவிட்டு வருவதா என்ற யோசனையே அன்றைக்கு எழவில்லை.

இப்போது நான்கு மாதமாக அவன் காருக்குள் தாவுவதில்லை. முன்னங்கால் இரண்டையும் படியில் வைத்துவிட்டுத் திரும்பி என்னைப் பார்க்கிறான். முன்பெல்லாம் நான் கதவை முழுக்கத் திறப்பதற்குள் உள்ளே இருப்பான். நடக்கும்போது பின்னங்கால் நகம் தரையில் உரசும் சத்தம் கேட்கிறது. டாக்டர் தண்டுவடத்தின் அடிப்பகுதி என்கிறார். எம்ஆர்ஐ எடுக்க வேண்டும், பிறகு ஆபரேஷன்கூட வரலாம் என்கிறார். உத்தேசக் கணக்கைப் பார்த்தபோது என் மூன்று மாதச் சம்பளம் கண் முன்னால் போனது.

எப்படியாவது கட்டிவிடுவேன். ஆனால் ஏழு வருடம் லாரியில் ஏறி இறங்கித் தேய்ந்த முதுகுக்கு நான் மட்டும் கட்டுவது சரிதானா? மற்றவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

நேர்பேச்சு

கையெழுத்துப் போட்டாயிற்று, அப்புறம் என்ன கேள்வி? மனிதர்களுக்கே வைத்தியத்துக்கு வழியில்லாத இடத்தில் நாய்க்குப் பென்ஷன் கேட்பது கொஞ்சம் அதிகம்.

பந்து எங்கே

நேர்பேச்சு அவர்களே, மனிதருக்குக் கிடைக்காததை நாயிடமிருந்து பிடுங்கினால் மனிதருக்கு வந்துவிடுமா? இந்த வாதம் எல்லா இழையிலும் வருகிறது, எங்கேயும் யாருக்கும் அதனால் ஒரு மாத்திரை கிடைத்ததில்லை.

நான் ஹேண்ட்லர் இல்லை, வெளியாள். போதைப்பொருள் மோப்பத்தில் இருந்த லாப்ரடாரைத் தத்தெடுத்தேன். வந்து இரண்டாவது வாரம் என் மாமியார் ஊரிலிருந்து வந்தார். அவர் பெட்டியை முகர்ந்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து என்னையே பார்த்தாள். சத்தமில்லை, அசைவில்லை. வேலையில் கண்டுபிடித்தால் அப்படித்தான் உட்கார வேண்டுமாம், உடனே பந்து கொடுப்பார்களாம். பெட்டிக்குள் இருந்தது மாமியாரின் மாத்திரைகளும் தைலமும்தான். பந்தைக் கொடுத்துவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். காப்பீடு எடுக்கலாம் என்று நான்கு இடத்தில் கேட்டேன். இரண்டு இடத்தில் வயதைக் கேட்டதுமே முடியாது என்றார்கள். ஓர் இடத்தில் பழைய மருத்துவக் கோப்பு வேண்டும் என்றார்கள். அதை அனுப்பியதும் பல், காது, இடுப்பு எல்லாவற்றையும் 'ஏற்கெனவே உள்ள நோய்' என்று தள்ளிவிட்டார்கள். மிச்சம் இருந்தது வால் மட்டும்தான். கட்டவில்லை.

ஊசிக்காரர்

கால்நடை மருத்துவர். இருபது வருடமாக வேலை நாய்களையும் பார்த்து வருகிறேன்.

கயிறுபிடித்தவன் தம்பி, நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் கடைசி முள்ளெலும்பு இடுப்பெலும்போடு சேரும் இடத்தில் நரம்புக் கற்றை நசுங்குவது போலத் தெரிகிறது. பெரிய வேலை நாய்களில், குறிப்பாக ஷெப்பர்டுகளில், அடிக்கடி பார்ப்பது. தாவத் தயங்கும், வாலைத் தாழ்த்தியே வைத்திருக்கும், வாலைத் தூக்கினால் வலியில் முகத்தைத் திருப்பும். அதே இனத்தில் இன்னொரு நோய் உண்டு. தண்டுவடமே மெல்ல மெல்லச் செயலிழந்து போவது. அதிலும் நகம் உரசும், பின்பாகம் ஆடும். ஆனால் வலி இருக்காது, ஆபரேஷன் செய்தும் பயனில்லை.

பெரிய செலவுக்கு முன்னால் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டாவது நோய்க்கு எஸ்ஓடி1 மரபணுச் சோதனை இருக்கிறது, எம்ஆர்ஐயோடு ஒப்பிட்டால் சொற்பச் செலவு. குறை இல்லை என்று வந்தால் அந்தப் பயத்தைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடலாம். குறை இருக்கிறது என்று வந்தால் அதுவே நோய் இருப்பதற்குச் சான்று ஆகாது, ஆபத்து கூடுதல் என்றுதான் அர்த்தம். இரண்டு நோயும் ஒரே நாய்க்கு இருப்பதையும் பார்த்திருக்கிறேன்.

நரம்பு நசுங்கல்தான் என்றாலும் எடுத்த எடுப்பில் கத்தி தேவையில்லை. ஓய்வு, வலி நிவாரணி, நரம்பு வலிக்கான கபாபென்டின், தண்டுவடத்தைச் சுற்றிப் போடும் ஸ்டீராய்டு ஊசி என்று படிகள் இருக்கின்றன. வீட்டில் இருக்கும் மனித வலி மாத்திரையைத் தயவுசெய்து கொடுக்காதீர்கள். இபுப்ரோஃபென் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். காசை மிச்சம் பிடிக்கிறேன் என்று அதைக் கொடுத்துவிட்டு, அதைவிடப் பெரிய பில்லோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பழைய கென்னல்

தம்பி, நானும் கயிறு பிடித்தவன்தான், ஓய்வு பெற்றுப் பல வருடமாகிறது. உங்கள் கோபம் நியாயம். ஆனால் ஒரு பழைய கதையை நினைவில் வையுங்கள்.

அமெரிக்க ராணுவம் வியட்நாமுக்குச் சுமார் 4,000 நாய்களைக் கொண்டு போனது. திரும்பி வந்தவை 200 அளவில்தான். மற்றவை அங்கேயே விடப்பட்டன அல்லது ஊசி போட்டுக் கொல்லப்பட்டன. காகிதத்தில் அவை உபரி உபகரணம். அதற்குப் பிறகும் பல வருடம், வேலை முடிந்த ராணுவ நாயை வீட்டுக்குக் கொண்டு போக யாருக்கும் வழி இல்லை. ராபி என்ற மாலினுவா இன நாயை அதன் ஹேண்ட்லர் தனக்குத் தரும்படி கேட்டதிலிருந்துதான் 2000 நவம்பரில் சட்டம் வந்தது. ராபியின் பெயரிலேயே வந்தது. ராபி வீட்டுக்குப் போகவில்லை. மூட்டு அவ்வளவு மோசமாகிவிட்டிருந்தது, 2001 ஜனவரியில் ஊசி போட்டுவிட்டார்கள்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்தக் கதவு திறந்ததே "வெளியே போன பிறகு எங்களுக்குச் செலவும் இல்லை, பொறுப்பும் இல்லை" என்ற பேச்சின் பேரில்தான். நீங்கள் கையெழுத்துப் போட்ட இரண்டாம் பக்கம் அதன் பேரப்பிள்ளை. நாளைக்கு "வெளியே விடும் ஒவ்வொரு நாய்க்கும் வாழ்நாள் முழுக்கப் பில் கட்டு" என்று ஒரு பிரிவிடம் சொன்னால், கணக்குப் பார்க்கும் அதிகாரி என்ன செய்வார்? பத்து வயது வரைக்கும் வேலை வாங்குவார், இல்லையென்றால் "தத்துக் கொடுக்கத் தகுதியில்லை" என்று எழுதுவார். அந்த வார்த்தைகளின் பொருள் ஊசிதான் என்று இங்கே பலருக்குத் தெரியும்.

கயிறுபிடித்தவன்

ஐயா, இந்தக் கோணத்தில் நான் யோசிக்கவே இல்லை. ராத்திரி தூக்கம் போயிற்று.

டாக்டர், மரபணுச் சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டோம்.

பேரேடு

தணிக்கை வேலையில் இருப்பவன், என்னிடம் இருப்பது ஒரு பூனை. பழைய கென்னல் ஐயா சொன்ன பயம் உண்மை, ஆனால் அது பணம் எந்த நேரத்தில் கணக்கில் ஏறுகிறது என்பதைப் பொறுத்தது.

நாய் வெளியே போகும் அன்றைக்குச் செலவு தொடங்கினால், வெளியே விடுவதே நஷ்டமாகத் தெரியும். அதே பணத்தை நாய் வேலைக்குச் சேர்ந்த மாதத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தனி நிதியில் ஒதுக்கினால், கடைசி நாளில் அந்த அதிகாரி முடிவெடுக்க ஒன்றும் இல்லை. பணம் ஏற்கெனவே அவர் கையை விட்டுப் போயிருக்கும். ஊசி போட்டாலும் அவருக்குத் திரும்ப வராது. மனிதருக்கான வருங்கால வைப்பு நிதி இப்படித்தானே ஓடுகிறது? வாங்கிய விலை, பயிற்சி, கென்னல் கூண்டு, தீவனம் எல்லாவற்றுக்கும் பட்ஜெட்டில் தலைப்பு இருக்கிறது. அவற்றோடு இன்னொரு தலைப்பு, அவ்வளவுதான்.

நடைமுறையில் இருப்பவை வேறு மாதிரி. இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம்ஷயர் போலீஸ் 2013-ல் தொடங்கியது: ஓய்வுக்குப் பிறகு மூன்று வருடத்துக்கு மொத்தம் 1,500 பவுண்டு வரை மருத்துவச் செலவு. ஃப்ளோரிடா மாநிலம் 2022-ல் சட்டமே போட்டது: ஓய்வு பெற்ற போலீஸ் நாய்க்கு வருடத்துக்கு 1,500 டாலர் வரை, பொதுவாக ஐந்து வருடமாவது வேலை பார்த்திருக்க வேண்டும். பணம் மாநில பட்ஜெட்டிலிருந்து வருகிறது, நாயை விட்ட பிரிவின் தலையில் விழவில்லை. இது முக்கியம். குறை என்னவென்றால் அது திருப்பித் தருவது. முதலில் நீங்கள் கட்ட வேண்டும், பிறகு ரசீது கொடுக்க வேண்டும். கையில் காசே இல்லாதவருக்கு இது பாதி உதவிதான்.

அமெரிக்க ராணுவ நாய்களுக்கும் ஓய்வுக்குப் பின் வைத்திய ஏற்பாடு செய்யலாம் என்று பிற்பாடு சட்டத்தில் இடம் கொடுத்தார்கள். பணம் மட்டும் நன்கொடையாக வர வேண்டும். பந்தி விரித்தாயிற்று, சோறு அவரவர் கொண்டுவர வேண்டும்.

நேர்பேச்சு

சரி, வேலையில் அடிபட்ட நாய்க்குக் கொடுக்கட்டும், ஒப்புக்கொள்கிறேன். வயதானால் வரும் நோய்க்கு எதற்கு? எல்லா நாய்க்கும்தான் வயதாகிறது.

ஊசிக்காரர்

நேர்பேச்சு கேட்டது நல்ல கேள்வி, இதில் நானே இரண்டு பக்கமும் நின்றிருக்கிறேன்.

சில விஷயங்களில் வேலையின் கைரேகை தெளிவாக இருக்கும். பல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கென்னல் கம்பியைக் கடித்துக் கடித்துக் கோரைப்பல்லின் பின்பக்கம் அரம் போட்டது போல அரைவட்டமாகத் தேய்ந்திருக்கும். வீட்டில் சும்மா இருக்கும் நாய்க்கு அப்படித் தேய்வது குறைவு. அந்த இடத்தில் பல் ஒருநாள் முறியும். அதனால்தான் சில நாய்களுக்கு உலோக உறை போடுகிறோம்.

ஆனால் முதுகு, இடுப்பு என்று வந்தால்? வேலையே பார்க்காத ஷெப்பர்டுக்கும் வருகிறது. வேலை பார்த்ததாலேயே நாய் சீக்கிரம் போய்விடும் என்றும் பொதுவாகச் சொல்ல முடியாது. 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு இடிபாடுகளில் தேடிய நாய்களில் 95-ஐ பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் சிந்தியா ஓட்டோவின் குழுவினர் சாகும்வரை தொடர்ந்து கவனித்தார்கள். அவ்வளவு தூசியும் புகையும் சுவாசித்தவை. அங்கே போகாத தேடுதல் நாய்களோடு ஒப்பிட்டால் ஆயுளில் பெரிய வித்தியாசம் இல்லை. பிரிட்டனி என்ற கோல்டன் ரெட்ரீவர் 16 வயதை எட்டி 2016-ல்தான் போனாள்.

ஆக, இந்த நாயின் இந்த எலும்பு வேலையால்தான் தேய்ந்தது என்று என்னைச் சான்றிதழ் கேட்டால் பாதிப் பேருக்கு மனசாட்சிப்படி கொடுக்க முடியாது. கொடுக்காவிட்டால் அந்தக் குடும்பத்துக்குப் பணம் இல்லை. அந்த நாற்காலியில் என்னை உட்கார வைக்காதீர்கள். காரணத்தைத் தேடாமல், எத்தனை வருடம் வேலை பார்த்தது என்று மட்டும் பார்த்துக் கொடுப்பதே மேல்.

பேரேடு

டாக்டர் சொன்னதற்குக் கணக்குப் பக்கத்திலிருந்தும் ஆதரவு. காரணத்தை நிரூபிக்கச் சொல்லும் எந்தத் திட்டத்திலும், நிரூபிக்கும் செலவே உதவியில் பாதியைத் தின்றுவிடும்.

பந்து எங்கே

எக்ஸ்ரேயில் தெரியாத அடியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவரிடம் போர்முனையிலிருந்து வந்த நாய் இருக்கிறது. கதவு அறைந்தால் குளியலறைக்குள் போய்த் தொட்டிக்குப் பின்னால் படுத்துக்கொள்ளும். மூன்று மணி நேரம் வெளியே வராது. அதற்குத் தினமும் மாத்திரை, மாதாமாதம் மனநடத்தை மருத்துவர். எந்தத் தாளிலும் அது காயம் என்று இல்லை.

ஊசிக்காரர்

ஆமாம். அமெரிக்க ராணுவத்தின் லாக்லேண்ட் தளத்தில் நாய்களுக்கென்றே பெரிய மருத்துவமனை இருக்கிறது. அங்கிருந்த டாக்டர் வால்டர் பர்கார்ட் 2011 வாக்கில் சொன்ன மதிப்பீடு, போர்முனைக்குப் போன நாய்களில் ஐந்து சதவீதத்துக்கு மேல் இந்த மாதிரி பாதிப்பு வருகிறது என்பது. சில நாய் சத்தத்துக்கு ஒளியும். சில ஹேண்ட்லரை விட்டு நகராது. சில நேற்று வரை செய்த வேலையை இன்று செய்ய மறுக்கும்.

வெண்கோல்

திரைவாசிப்பான் வைத்துப் படிக்கிறேன், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போலீஸ், ராணுவம் என்றே பேசுகிறீர்கள், வழிகாட்டி நாய்களையும் இதில் சேருங்கள்.

என் முதல் நாய்க்குப் பத்து வயதில் கண் மங்கியது. இரண்டு பேருக்கும் கண் தெரியாமல் தெருவைக் கடப்பது எப்படி? சிரிக்கலாம், நாங்களும் சிரித்தோம். வழிகாட்டும் வேலைக்கான ஹார்னெஸ் பட்டை போட்டிருந்த காலத்தில் பயிற்சிப் பள்ளி மருத்துவச் செலவைப் பார்த்துக்கொண்டது. ஹார்னெஸைக் கழற்றிய மறுநாளிலிருந்து அது என்னுடையது. அதே மாதம் புது நாய் வந்தது. இரண்டு நாய், ஒரு சம்பளம். நான் வேலைக்குக் கிளம்பும்போது புது நாயின் ஹார்னெஸ் கொக்கி 'டிக்' என்று மாட்டும். அந்தச் சத்தம் கேட்டால் பழைய நாய் எழுந்து கதவருகே வந்து நிற்பாள். அவள் மூச்சு என் முழங்காலில் படும்.

ஆறு மாதத்தில் அவளைக் குட்டியாக வளர்த்த தன்னார்வக் குடும்பமே திரும்ப ஏற்றுக்கொண்டது. கண் சொட்டு மருந்தும் மூட்டு மருந்தும் இப்போது அவர்கள் செலவு. ஒரு வருடம் குட்டியாக வளர்த்துக் கொடுத்தவர்கள் கடைசிக் காலத்துக்கும் காசு போடுகிறார்கள். நடுவில் எட்டு வருடம் அவளால் பயன் பெற்றவன் நான். அவர்கள் வாங்க மறுத்தாலும் பாதியை அனுப்பிவிடுகிறேன்.

பழைய கென்னல்

வெண்கோல் ஐயா, முழங்கால் வரியை இரண்டு முறை படித்தேன்.

பேரேடு தம்பி சொன்ன மாதாமாத ஒதுக்கீட்டுக்கு நானும் வருகிறேன். என் பயம் அதில் போய்விடுகிறது. ஒன்று மட்டும்: நிதியைப் பிரிவின் தலைமை வைத்திருக்கக் கூடாது. வைத்திருந்தால் எந்த வருடம் வண்டிக்கு டயர் வாங்க வேண்டியிருக்கிறதோ அந்த வருடம் அது காணாமல் போகும். நான் பார்த்தவன்.

மட்டுறுத்துநர்

நன்கொடை வசூல் இணைப்புகள் போட்ட இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். இந்த இழையில் வசூல் வேண்டாம். ஏற்கெனவே நிலைத்து நடக்கும் அமைப்புகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடலாம்.

பந்து எங்கே

அப்படியானால் இரண்டு பெயர். அமெரிக்காவில் யுனைடெட் ஸ்டேட்ஸ் வார் டாக்ஸ் அசோசியேஷன், ஓய்வு பெற்ற ராணுவ நாய்களுக்கு மருந்து வாங்க உதவுகிறது. இங்கிலாந்தில் தின் ப்ளூ பா, போலீஸ் நாய்களுக்கு. அந்தந்த நாட்டு நாய்களுக்குத்தான். மற்ற இடங்களில் பழைய ஹேண்ட்லர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வைக்கும் பொதுப்பெட்டிதான் நான் கண்டவரை ஓடுகிறது.

புதிதாகத் தத்தெடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கையெழுத்துக்கு முன்னால் முழு மருத்துவக் கோப்பையும் கேளுங்கள். நாய் இன்னும் பிரிவின் பெயரில் இருக்கும்போதே ரத்தம், பல், இடுப்பு எக்ஸ்ரே எல்லாவற்றையும் முடித்துவிடச் சொல்லுங்கள். தேய்ந்த பல்லை அவர்கள் செலவில் பிடுங்குவது ஒரு நாள் வேலை. பேப்பர் கைமாறிய பிறகு அதே பல் உங்கள் பல். கோப்பைக் காட்டினால் காப்பீடு போய்விடும் என்று என் கதையைப் படித்தவர்கள் பயப்படலாம். காட்டாமல் எடுத்த காப்பீடு முதல் பில்லிலேயே கவிழும், அதை நம்பாதீர்கள்.

ஊசிக்காரர்

செலவைக் குறைக்க எனக்குத் தெரிந்த பெரிய வழி சலிப்பானது: எடை. வேலை நின்றதும் ஓட்டம் நிற்கிறது, கிண்ணம் மட்டும் பழைய அளவிலேயே நிறைகிறது. அன்பு வேறு சேர்ந்துகொள்கிறது. 48 லாப்ரடார்களை வைத்து நீண்ட காலம் நடத்திய ஆய்வு ஒன்றின் முடிவு 2002-ல் வந்தது. 25 சதவீதம் குறைவாகச் சாப்பிட்டவை ஏறக்குறைய 1.8 வருடம் கூடுதலாக இருந்தன, மூட்டு வாதமும் தாமதமாகவே வந்தது. விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். கயிறுபிடித்தவன் தம்பி, உங்கள் ஆள் எவ்வளவு ஏறியிருக்கிறார்?

கயிறுபிடித்தவன்

நாலரை கிலோ, டாக்டர். நான் மூன்று.

கயிறுபிடித்தவன்

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும்.

மரபணுச் சோதனையில் குறை இல்லை. எம்ஆர்ஐ எடுத்தோம், டாக்டர் சொன்ன அதே இடம். ஆபரேஷனுக்கு முன்னால் ஊசி போட்டுப் பார்க்கலாம் என்றார்கள், இரண்டு போட்டாயிற்று. வாலைத் தூக்கி ஆட்ட ஆரம்பித்திருக்கிறான். இரண்டரை கிலோ இறங்கிவிட்டான். என்னைப் பற்றிக் கேட்காதீர்கள்.

பிரிவிலிருந்து கோப்பு வாங்கினேன். ஓய்வுக்குப் பதினான்கு மாதம் முன்பே "பின்பகுதியில் விறைப்பு, மூன்று நாள் ஓய்வு" என்று ஒரு குறிப்பு இருக்கிறது. கீழே கையெழுத்து என்னுடையது. நான்தான் டாக்டரிடம் கூட்டிப் போயிருக்கிறேன், நான்தான் நான்காம் நாள் வேலைக்கு அழைத்துப் போயிருக்கிறேன். சுத்தமாக மறந்து போயிருந்தேன். அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

உதவி கேட்டு எழுதிக் கொடுத்தேன், விதியில் இடமில்லை என்று பதில் வந்தது. ஆனால் இப்போது வேலையில் இருக்கும் எங்கள் ஹேண்ட்லர்கள் பதினோரு பேர், பேரேடு சொன்ன மாதிரி மாதாமாதம் போடச் சம்மதித்து வெளியே தனிக் கணக்கு திறந்திருக்கிறோம். பிரிவும் நாய் ஒன்றுக்கு ஒரு தொகை போடட்டும் என்று மனு மேலே போயிருக்கிறது. எம்ஆர்ஐ செலவு என் கடன்தான், அதை அந்தக் கணக்கிலிருந்து எடுக்கவில்லை.

காருக்குச் சாய்பலகை ஒன்று செய்தேன். முதல் நாள் அதன் மேல் கால் வைக்க மறுத்துவிட்டான். மேலே பந்தை வைத்த பிறகுதான் ஏறினான்.

வெண்கோல்

பலகை எவ்வளவு நீளம்? நாங்களும் ஒன்று செய்ய வேண்டும், அந்தக் குடும்பத்தின் கார் உயரமானது.

கயிறுபிடித்தவன்

என்னுடையது ஆறடி, ஐயா. முதலில் நான்கடியில் செய்தேன், செங்குத்தாக இருந்ததால் பாதியில் நின்றுவிட்டான். மேலே பழைய கோணி ஒட்டுங்கள், மரம் மட்டும் இருந்தால் வழுக்கும். உயரமான கார் என்றால் ஏழடியாகவே வெட்டிவிடுங்கள்.